புகைபோக்கி

ரேஸ்கோர்ஸில் பெயர்ப்பலகை இல்லாததுதான்
அந்தக் கடையின் பெருமை.
மூங்கில் மறைப்புக்குப் பின்னால் ஒரு கதவு,
கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு,
அதற்கும் பின்னால்
டிவியில் மார்க் போடும் செஃப் விவானும் செஃப் தாரிகாவும்
இருப்பதாக ஐதீகம்.

எல்லாவற்றுக்கும் மேலே, கூரைக்குள்,
நான் வளைத்து மாட்டிய தகரக் குழாய்
நாற்பத்தாறு அடி.

பாக்கி எண்பத்திரண்டாயிரம்.
ஏழு மாசம் நடந்து கேட்டதில்
"ஒரு நாள் சாப்பிட வாங்களேன்,
செஃப்பே உங்களைப் பார்க்கணும்னாங்க" என்றார் மேனேஜர்.
கலாமணி பட்டு கட்டினாள்.
கணபதியிலிருந்து வந்த எங்கள் டிவிஎஸ்ஸை
கார் சாவி வாங்கும் பையன் பார்த்துவிட்டு
பின்சந்தில் விடச் சொன்னான்.

முதலில் கூழாங்கற்கள் வந்தன, கிண்ணம் நிறைய.
"கல்லைச் சாப்பிடக் கூடாதுங்க மேடம்,
மேல இருக்கறதை மட்டும்."
மேலே ஒரு சந்தகைச் சுருள்,
அவள் சுண்டுவிரல் மோதிரம் அளவு.

அப்புறம் பள்ளிபாளையம்.
கறுப்புக் கல்பலகையில் மூன்று துண்டு,
சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகள் மாதிரி
தள்ளித் தள்ளி.
ஒரே ஒரு வரமிளகாய், அழகுக்கு நிறுத்தியது.
கடித்தேன்.
நல்ல கோழி. வெந்திருந்தது.
அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அரிசிம்பருப்பு நுரையாக வந்தது.
"உங்க நினைவுகளோட சாரம் சார்" என்றான் பரிமாறியவன்.
கலாமணி ஊதிப் பார்த்தாள். அசைந்தது.
"ஏனுங், இதுக்கு நெய் எங்க ஊத்தறது?"
அவன் குனிந்து குரலைத் தணித்தான்:
"உப்புங் கம்மிங்க்கா. நானும் சொல்லிப் பார்த்தனுங்க."
"எந்தூரு கண்ணு?"
"அந்தியூருங்க."
நிமிர்ந்ததும் மறுபடி இங்கிலீஷுக்குப் போய்விட்டான்.

மூக்கால் தேடினேன்.
தாளிப்பு இல்லை, பூண்டு இல்லை,
ஏசியும் மெழுகுவர்த்தியும்தான்.
தலைக்கு மேலே ஒரு முனகல்.
"இடதுபக்கப் பேரிங் காய்ஞ்சு போச்சு" என்றேன்.
"சாப்பிடறப்ப அதெல்லாம் கேக்காதீங்" என்றாள்.
வேறென்ன இருந்தது அங்கே, கவனிக்க?

செஃப்புகள் இருவரும் மும்பையில், ஷூட்டிங்காம்.
வந்தது பில்.
தோலுறைக்குள் ஒன்பதாயிரத்து நானூறு,
வெண்டர் சலுகை பத்து சதம் போக.
விருந்தென்று நினைத்தது நாங்கள்தான்;
அவர்கள் வாங்க என்றுதான் சொன்னார்கள்.
சீட்டுக்கு வைத்திருந்த பணத்தைக்
கைப்பைக்குள்ளேயே எண்ணினாள்,
எண்ணியதை இன்னொரு தரம் எண்ணினாள்.
"தொண்ணூத்தோராயிரத்து நானூறுங்" என்றாள்,
பழைய பாக்கியையும் சேர்த்து.

பின்சந்து.
வண்டியை எடுக்கக் குனிந்தேன்,
மேலிருந்து இறங்கியது:
மிளகாய் எண்ணெயில் கறுக்கும் நொடி,
தேங்காய்ச் சில்லு, சின்ன வெங்காயம்,
வெடிக்கிற கறிவேப்பிலை,
நெய்யில் விழுந்த சீரகம்.
உள்ளே காணாத அத்தனையும்
நாற்பத்தாறு அடி நடந்து
இங்கே வந்து கொட்டிக்கொண்டிருந்தது.
மூட்டுக்கு மூட்டு சீலண்ட் வைத்து
துளி கசியாமல் நான் செய்தது.
உட்காருகிற இடத்தில்
ஒரு வாசமும் வரக் கூடாதென்று
அவர்கள்தான் கேட்டார்கள்.

குழாய் வாய்க்கு நேர் கீழே
பிளாஸ்டிக் சேர் போட்டு
செக்யூரிட்டி ராக்கியப்பன்
தூக்குப்போசியில் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தார்.
"தினமும் இங்கதானுங்க," என்றார் கையைக் காட்டி,
"தொட்டுக்க ஒண்ணும் கொண்டாறதில்லீங்."

"போலாமா?" என்றேன்.
"இருங்" என்றாள் கலாமணி,
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு,
முகத்தை மேலே தூக்கி.

பேரிங் முனகிக்கொண்டிருந்தது.
இன்னும் ஒரு மாசம் தாங்கும்.
நின்றுபோனால் அவர்களே கூப்பிடுவார்கள்.